கார்ட்டர் பாணி: கிட்டாரில் மெட்டையும் ஸ்ட்ரம்மையும் ஒன்றாக வாசிப்பது

பதிவு 1 – ஆறுதந்தி

அனைவருக்கும் வணக்கம். கார்ட்களைப் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) பிடித்து, ஸ்ட்ரம் செய்து, அதாவது தந்திகளை ஒரே வீச்சில் மீட்டி, பாடுபவருக்குத் துணையாக வாசிக்க எனக்கு வரும். மெட்டை மட்டும் தனித்தனி ஸ்வரங்களாக எடுத்து வாசிக்கவும் வரும். இவ்விரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அகூஸ்டிக் கிட்டாரில், வேறு துணை வாத்தியம் இல்லாமல் வாசிக்க முயலும்போதுதான் எல்லாம் குலைகிறது. மெட்டின் ஸ்வரத்தை எடுத்த மறுகணமே ஸ்ட்ரம் அதை மூழ்கடித்துவிடுகிறது. ஸ்ட்ரம்மை அடக்கினால் தாளம் அறுந்துபோய், ஒவ்வொரு ஸ்வரத்திற்கும் பிறகு கை தயங்கி நிற்கிறது.

அமெரிக்க நாட்டுப்புற இசையில் மேபெல் கார்ட்டர் வாசித்த முறை இதற்குச் சரியான விடை என்று கேள்விப்பட்டு, அவருடைய பழைய இசைத்தட்டுகளைக் கேட்டேன். இரண்டு கிட்டார்கள் ஒலிப்பதுபோல் இருக்கிறதே தவிர, கை என்ன செய்கிறது என்பது விளங்கவில்லை. சரணங்களுக்கு நடுவே வரும் அந்த ரிஃப் போன்ற பகுதியை வாசிக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்? நான் தட்டைப் பிக்கைத்தான் (விரல்களுக்கிடையே பிடித்து மீட்டும் சிறு தகட்டை) பயன்படுத்துகிறேன்.

பதிவு 2 – தோதகத்தி

நண்பரே, அந்தத் தட்டுகளில் மெட்டு எந்தத் தந்திகளில் ஒலிக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். நாம் பழக்கத்தினால் மெட்டை முதல் இரண்டு தந்திகளில், அதாவது மெல்லிய தந்திகளில் தேடுகிறோம். கார்ட்டர் பாணியில் மெட்டு கீழ்ஸ்தாயியில், ஆறு முதல் மூன்று வரையுள்ள சுருள் சுற்றிய தந்திகளில் நடக்கிறது. கார்ட் ஒலிப்பது மேல்ஸ்தாயியில் உள்ள மெல்லிய தந்திகளில். இரண்டுக்கும் இடம் தனித்தனியாக இருப்பதால்தான் ஒன்றை மற்றொன்று விழுங்குவதில்லை.

சி கார்டைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டத்தில்) ஷட்ஜம் இருக்கிறது. நான்காம் தந்தியைத் திறந்து மீட்டினால் ரிஷபம், அதன் இரண்டாம் ஃப்ரெட்டில் காந்தாரம், மூன்றாம் ஃப்ரெட்டில் மத்யமம். மூன்றாம் தந்தியைத் திறந்து மீட்டினால் பஞ்சமம், அதன் இரண்டாம் ஃப்ரெட்டில் தைவதம், இரண்டாம் தந்தியைத் திறந்து மீட்டினால் நிஷாதம், அதன் முதல் ஃப்ரெட்டில் மேல் ஷட்ஜம். சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் அனைத்தும் முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்குள், நீங்கள் பிடித்திருக்கும் கார்டின் விரல்களுக்கு அடியிலேயே கிடக்கின்றன. கார்டை விட்டுவிட்டு ஸ்வரத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. மத்யமத்தைச் சுண்டுவிரலால் கூட்டிக்கொள்ளலாம். ரிஷபத்திற்கு நடுவிரலை மட்டும் தூக்கினால் போதும். மற்ற விரல்கள் அசையக் கூடாது.

வலது கைக்கு வருவோம். மேபெல் கார்ட்டர் பெருவிரலில் பிக் அணிந்து, பெருவிரலால் மெட்டையும் ஆள்காட்டி விரலால் ஸ்ட்ரம்மையும் வாசித்தார். ஸ்ட்ரம் என்று சொல்வதைவிட வருடல் என்று சொல்வது பொருத்தம். விரல் முதல் மூன்று தந்திகளை மட்டும் கீழ்நோக்கித் தொட்டு, உடனே மேல்நோக்கித் திரும்புகிறது. நான்கு எண்ணிக்கையில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் பெருவிரல். இரண்டுக்கும் நான்குக்கும் கீழ்வருடல். அவற்றை அடுத்துவரும் அரை எண்ணிக்கைகளுக்கு மேல்வருடல். ஆறு தந்திகளையும் தழுவி ஸ்ட்ரம் செய்யும் பழக்கம்தான் உங்கள் மெட்டை மூழ்கடிக்கிறது என்று நினைக்கிறேன்.

தயக்கத்திற்கு வேறு காரணம் உண்டு. மெட்டு ஒரு வேலை, ஸ்ட்ரம் இன்னொரு வேலை என்று கை மாறிமாறிச் செய்யும்போது, அந்த மாற்றத்திற்கே நேரம் செலவாகிறது. மணிக்கட்டின் ஆட்டம் எப்போதும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஓட்டத்திற்குள் பெருவிரல் எந்தத் தந்தியில் விழுகிறது என்பது மட்டுமே மாறவேண்டும். ஆகவே முதலில் மெட்டே இல்லாமல், ஐந்தாம் தந்தி, வருடல், நான்காம் தந்தி, வருடல் என்று மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60இல் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே வாசிக்க முடிகிற அளவுக்கு அதைப் பழக்குங்கள். மெட்டை அதன் பிறகு நுழைக்கலாம்.

பதிவு 3 – பழையதட்டு

தோதகத்தி சொன்னதோடு, இந்த முறை ஏன் பிறந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கை என்ன செய்ய வேண்டும் என்பது இன்னும் தெளிவாகும் என்று நம்புகிறேன்.

கார்ட்டர் குடும்பம் மூவர் மட்டுமே. ஏ. பி. கார்ட்டர், அவருடைய மனைவி சாரா, சாராவின் உறவினரும் ஏ. பி.யின் தம்பி மனைவியுமான மேபெல். வர்ஜீனியாவின் மலைப்பகுதியிலிருந்து வந்த இவர்களை, விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் 1927 ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் பிரிஸ்டல் நகரில் பதிவு செய்தார். அப்போது மேபெலுக்கு வயது 18. சாரா முன்னணிக் குரலாகப் பாடி ஆட்டோஹார்ப் என்ற தந்தி வாத்தியத்தை வாசித்தார், ஏ. பி. இடையிடையே குரல் சேர்த்தார். டிரம் இல்லை, பேஸ் இல்லை, வயலின் இல்லை. எனவே கீழ்ஸ்தாயியின் அடித்தளம், தாளம், சரணங்களுக்கு நடுவே வரும் மெட்டு ஆகிய மூன்றையும் ஒரே கிட்டார் சுமக்க வேண்டியிருந்தது. அந்த நாளில் அந்த வகைப் பாட்டுகளில் மெட்டை வாசிப்பது பெரும்பாலும் வயலினின் வேலை அல்லது பாஞ்சோவின் வேலை. கிட்டார் பின்னணியில் கார்ட் அடித்துக்கொண்டிருந்தது. அதை முன்னுக்குக் கொண்டுவந்தவர்களில் மேபெலுக்குத் தனி இடம் உண்டு.

இதற்கு அடுத்த ஆண்டு பதிவான ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’ இன்றுவரை இந்தப் பாணியின் பால பாடம். ஏறத்தாழ அதே காலத்தில்தான் மேபெல் கிப்சன் எல்-5 கிட்டாரை 275 டாலருக்கு வாங்கினார். அன்று ஒரு மலைக்கிராமத்துக் குடும்பத்திற்கு அது பெருந்தொகை. வளைந்த மேற்பலகையும், வயலினில் இருப்பதுபோன்ற நீண்ட துளைகளும் கொண்ட அந்தக் கிட்டாரில் கீழ்த்தந்திகளின் ஒலி கூர்மையாக வெளியே பாயும், நீண்டு முழங்காது. பெருவிரலில் எடுக்கும் மெட்டுக்கு அது மிகவும் பொருந்தியது. அந்தக் கிட்டார் இப்போது நாஷ்வில்லில் உள்ள கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது.

இதற்காக யாரும் புதுக் கிட்டார் வாங்கப் புறப்பட வேண்டாம். கையிலிருப்பது சாதாரண டிரெட்நாட் (பெரிய உடல் கொண்ட அகூஸ்டிக் கிட்டார்) என்றால் கீழ்த்தந்திகள் வேண்டிய அளவு முழங்கும்; முதல் தந்தி 0.012 அங்குலத் தடிமனில் தொடங்கும் லைட் செட் தந்திகள் போதும்.

பதிவு 4 – ஆறுதந்தி

இருவருக்கும் நன்றி. ஸ்ட்ரம்மை மூன்று தந்திகளுக்குள் அடக்கியவுடனேயே வேறுபாடு தெரிகிறது. ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’ இப்போதைக்கு என் கைக்கு அதிகம். மெட்டு என் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கிற, ஆனால் விரல்களுக்கு எளிதான ஏதேனும் ஒன்று உண்டா?

பதிவு 5 – கொன்னக்கோல்

உண்டு. நம் வீட்டிலேயே இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்யம் அமைத்தார் தீட்சிதர். எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) கிடையாது. மேற்கத்திய மெட்டுகள் என்பதால் கார்ட்களின் மேல் இடறாமல் உட்காரும்.

அவற்றில் ‘சியாமளே மீனாக்ஷி’யின் மெட்டு, குழந்தைகள் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ என்று பாடும் அதே மெட்டு. ச ச ப ப த த ப, ம ம க க ரி ரி ச. இதைத் தோதகத்தி கொடுத்த இடங்களில் வைத்துப் பாருங்கள். முதல் நான்கு ஸ்வரங்களுக்கு சி கார்ட். தைவதம் இரண்டுக்கும் எஃப், அடுத்த பஞ்சமத்திற்கு மீண்டும் சி. மத்யமம் இரண்டுக்கும் எஃப், காந்தாரம் இரண்டுக்கும் சி, ரிஷபம் இரண்டுக்கும் ஜி, முடிவில் சி. இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரமும் அந்தந்தக் கார்டிலேயே அடங்கியிருக்கிறது. எஃப் கார்டைப் பிடித்தால் தைவதம் மூன்றாம் தந்தியிலும் மத்யமம் நான்காம் தந்தியிலும் விரலுக்கு அடியிலேயே இருக்கும். ஜி பிடித்தால் திறந்த நான்காம் தந்தியே ரிஷபம். இடது கை கார்டை மாற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆகவே முழுக் கவனத்தையும் வலது கையில் வைக்கலாம்.

ஒவ்வொரு ஸ்வரத்திற்கும் ஒரு பெருவிரல், ஒரு வருடல். அடி முடிவில் நீளும் பஞ்சமத்தில் மட்டும், பெருவிரல், கீழும் மேலுமாக வருடல், ஐந்தாம் தந்தியில் ஷட்ஜம், மீண்டும் வருடல் என்று நிரப்புங்கள். அந்த ஒரு இடத்தில்தான் இது பயிற்சி என்ற நிலை மாறி இசையாகக் கேட்கத் தொடங்கும்.

பதிவு 6 – மேல்ஸ்தாயி

இந்த இழையில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பல ஸ்தாயிகளில் ஒலிகள் சேர்ந்து வரும்போது, நம் காது மேலே உள்ள ஒலியைத்தான் மெட்டு என்று பிடித்துக்கொள்ளும். பிக் இல்லாமல் விரல்களால் தனித்தனித் தந்திகளை மீட்டும் ஃபிங்கர்ஸ்டைலில் அதனால்தான் மெட்டை முதல் இரண்டு தந்திகளில் வைக்கிறார்கள். கென்டக்கியைச் சேர்ந்த மெர்ல் டிராவிஸின் பெயரால் வழங்கும் முறையில், பெருவிரல் கீழ்த்தந்திகளில் இடைவிடாமல் மாறிமாறித் தாளம் போட, ஆள்காட்டி விரல் மேல்தந்திகளில் மெட்டை எடுக்கிறது. ஏறக்குறைய கார்ட்டர் பாணியைத் தலைகீழாகத் திருப்பியது போன்றது. மெட்டைக் கீழே புதைத்துவிட்டு, பிறகு அது கேட்கவில்லையே என்று வருந்துவதைவிட, முதலிலேயே அதைக் கற்கலாமே?

இரண்டாவது, நம் திரைப்பாடல்களையும் கீர்த்தனைகளையும் இந்த முறையில் வாசித்தால் அவை மொட்டையாக ஒலிக்கும். கார்டைப் பிடித்திருக்கும் விரலால் ஸ்வரத்தை அசைக்க முடியாது. அசைத்தால் கார்ட் கலைந்துவிடும்.

பதிவு 7 – தோதகத்தி

மேல்ஸ்தாயி ஐயா சொன்ன இரண்டாவது கருத்தை முழுமையாக ஏற்கிறேன். கமகத்தில் உயிர் வாழும் பாட்டுகளுக்கு இது ஏற்ற முறை அல்ல. திறந்த நான்காம் தந்தியை மீட்டி, அது ஒலிக்கும்போதே நடுவிரலை இரண்டாம் ஃப்ரெட்டில் தட்டி ரிஷபத்திலிருந்து காந்தாரத்திற்கு ஏறும் ஹேமர்-ஆன் ஒன்று உண்டு. மேபெல் அதை நிறையப் பயன்படுத்துவார். ஆனால் அது ஒரு சிறு அலங்காரம் மட்டுமே, கமகத்திற்கு ஈடாகாது. தோடியை இதில் வாசிக்க முயல்பவர்கள் மேல் எனக்குப் பரிதாபம்தான் வருகிறது.

முதல் கருத்தை ஏற்க இயலவில்லை. மேலே உள்ள ஒலியைக் காது பிடித்துக்கொள்ளும் என்பது, இரண்டு ஒலிகளும் ஒரே கணத்தில் எழும்போது பெரும்பாலும் உண்மை. கார்ட்டர் பாணியில் அவை ஒரே கணத்தில் எழுவதில்லை. மெட்டின் ஸ்வரம் எண்ணிக்கையின் மேல் தனியாக விழுகிறது. அந்தக் கணத்தில் வேறெந்தத் தந்தியும் மீட்டப்படுவதில்லை. வருடல் அதற்குப் பிறகுதான் வருகிறது. அப்போதும் கனமான தந்தியில் மெட்டின் ஸ்வரம் தொடர்ந்து முழங்கிக்கொண்டிருக்கிறது. பெருவிரலுக்கு வலுவும் வருடலுக்கு மென்மையும் தந்தால், மெட்டு எங்கே என்று கேட்பவர் தேட வேண்டியதே இல்லை. மைக் இல்லாமல், ஒரு கூடம் நிறைய மனிதர்கள் சேர்ந்து பாடும் இடத்தில் ஃபிங்கர்ஸ்டைலின் முதல் தந்தி மெட்டு காற்றோடு போய்விடும், இது போகாது.

பெருவிரலுக்கு வலுவைக் கூட்ட ஒரு வழி சொல்கிறேன். நான்காம் தந்தியை மீட்டிய பெருவிரல் காற்றில் எழக் கூடாது. மூன்றாம் தந்தியின் மேல் போய் அமர வேண்டும். வீச்சு முழுவதும் தந்திக்குள் இறங்குவதால் ஒலி தடிமனாகும். அமர்ந்த இடத்திலிருந்தே ஆள்காட்டி விரலின் வருடல் புறப்படும். ஆறுதந்தி தட்டைப் பிக் பயன்படுத்துவதாகச் சொன்னார். பிக்கிலும் இதே அமர்த்தல் செல்லும். மெட்டுக்குக் கீழ்வீச்சு, அது அடுத்த தந்தியில் நின்று, அங்கிருந்து மற்றொரு கீழ்வீச்சாக மேல்தந்திகளை வருடிச் செல்லட்டும். நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரி உள்ளிட்ட பின்வந்த பலர் கார்ட்டர் குடும்பத்தின் தட்டுகளைக் கேட்டுப் பழகி, தட்டைப் பிக்கிலேயே இந்த முறையை வாசித்தார்கள். ஒலி சற்றுக் கரடாக இருக்கும். அதில் குறையொன்றும் இல்லை.

பதிவு 8 – ஆறுதந்தி

‘சியாமளே மீனாக்ஷி’ மெதுவாக வருகிறது. இரண்டு இடங்களில் இடறுகிறது. எஃப் கார்டுக்கு பார் போட்டு (ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தி) மாறுவதற்குள் எண்ணிக்கை போய்விடுகிறது. தைவதம் மூன்றாம் தந்தியில் இருப்பதால், வருடும்போது அதே தந்தியை மீண்டும் மீட்டுகிறேன். மெட்டு இரண்டு முறை ஒலிப்பதுபோல் இருக்கிறது.

பதிவு 9 – கொன்னக்கோல்

எஃபுக்கு முழு பார் தேவையே இல்லை. எஃப் வரும் இடங்களில் மெட்டு நான்காம் தந்திக்குக் கீழே இறங்காததால் ஆறாம், ஐந்தாம் தந்திகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆள்காட்டி விரலைச் சாய்த்து முதல் இரண்டு தந்திகளை முதல் ஃப்ரெட்டில் அழுத்தி, மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரலும் நான்காம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரலும் வைத்தால் போதும். சி கார்டிலிருந்து வரும்போது நடுவிரலும் மோதிர விரலும் ஒவ்வொரு தந்தி மட்டுமே நகர்கின்றன, அதுவும் அதே ஃப்ரெட்டில்.

மெட்டு மூன்றாம் தந்தியில் வரும்போது முதல் இரண்டு தந்திகளை மட்டும் வருடுங்கள். தப்பித்தவறி மூன்றாம் தந்தியும் பட்டால் பாதகமில்லை. மென்மையாகப் பட்டால் அது மெட்டின் நீட்சியாகவே கேட்கும்.

பதிவு 10 – இரண்டுகட்டை

நான் பாடுபவள், கிட்டார் வாசிப்பவர் என் தம்பி. இந்த இழையைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் சி கார்டிலேயே, அதாவது 1 கட்டையிலேயே வாசிக்கிறார். என் சுருதி 5 கட்டை. கேப்போவை (தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வியை) ஏழாம் ஃப்ரெட்டில் போட்டால் சரியாக வருகிறது. ஆனால் கிட்டார் மாண்டலின்போல் கீச்சிடுகிறது. வேறு வழி உண்டா?

பதிவு 11 – தோதகத்தி

உண்டு, அம்மா. 5 கட்டை என்றால் ஜி. தம்பியை ஜி வடிவத்தில், கேப்போ இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். ஷட்ஜம் ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில். ரிஷபம் திறந்த ஐந்தாம் தந்தி, அதன் இரண்டாம் ஃப்ரெட்டில் காந்தாரம், மூன்றில் மத்யமம். பஞ்சமம் திறந்த நான்காம் தந்தி, அதன் இரண்டாம் ஃப்ரெட்டில் தைவதம், நான்கில் நிஷாதம். மேல் ஷட்ஜம் திறந்த மூன்றாம் தந்தி. கார்ட்கள் ஜி, சி, டி. மேலே சொன்ன நோட்டுஸ்வரத்தில் இங்கேயும் ஒவ்வொரு ஸ்வரமும் அதனதன் கார்டிலேயே அடங்கும். மெட்டு இன்னும் கனமான தந்திகளில் ஒலிப்பதால் பாடுபவரின் குரலுக்கு அடியில் நன்றாகத் தாங்கும்.

ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஜி வடிவத்தில் ஷட்ஜத்திற்குக் கீழே நிஷாதமும் தைவதமும் மட்டுமே கிடைக்கும். மந்திர (கீழ்ஸ்தாயி) பஞ்சமம் கிட்டாரில் இல்லை. பாட்டு மந்திர பஞ்சமத்தைத் தொட்டால் சி வடிவம்தான் தேவை. அதில் மந்திர பஞ்சமம் ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டிலும், தைவதம் திறந்த ஐந்தாம் தந்தியிலும், நிஷாதம் அதன் இரண்டாம் ஃப்ரெட்டிலும் இருக்கின்றன. எனவே சுருதியைப் பார்ப்பதற்கு முன் பாட்டு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதைப் பாருங்கள்.

பதிவு 12 – பழையதட்டு

சாரா கார்ட்டரின் குரல் தாழ்ந்த குரல். அதற்காக மேபெல் பல பதிவுகளில் கிட்டாரின் ஆறு தந்திகளையும் இறக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டு, சி வடிவத்திலேயே வாசித்தார். தட்டோடு சேர்ந்து வாசிக்க முயல்பவர்களுக்குச் சுருதி ஒட்டாமல் போவதற்கு அதுவே காரணம். கேப்போவால் ஏற்ற மட்டுமே முடியும்.

பதிவு 13 – மேல்ஸ்தாயி

பழையதட்டு அவர்களிடம் ஒரு கேள்வி. இந்த முறையை மேபெல், லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின இசைக்கலைஞரிடமிருந்து கற்றார் என்று பல இடங்களில் காண்கிறேன். உங்கள் பதிவில் அவர் பெயரே வரவில்லையே?

பதிவு 14 – பழையதட்டு

சரியான கேள்வி. பெயர் வந்திருக்க வேண்டியதுதான், ஆனால் வேறு காரணத்துக்காக. பெருவிரலில் மெட்டெடுத்து ஆள்காட்டி விரலால் வருடும் முறை, 1927 ஆகஸ்டில் பிரிஸ்டலில் பதிவான தட்டுகளிலேயே கேட்கிறது. ரிடில், ஏ. பி. கார்ட்டரைச் சந்தித்தது அதற்குப் பிறகு. ஆகவே இந்தக் குறிப்பிட்ட முறையை அவர் கற்பித்தார் என்பது காலத்தோடு பொருந்தாது.

அதனால் அவருடைய பங்கு சிறியது என்று ஆகாது. வட கரோலினாவில் பிறந்த ரிடில், ஏ. பி.யோடு ஊர் ஊராகச் சென்று பாட்டுகளைச் சேகரித்தவர். ஏ. பி. வரிகளைக் குறித்துக்கொள்ள, மெட்டுகளைத் தம் நினைவில் ஏந்திவந்து குடும்பத்திற்கு வாசித்துக் காட்டியவர் ரிடில். ஒரு விபத்தில் வலது கையின் இரண்டு விரல்களை இழந்திருந்தும், அவர் வாசித்த ப்ளூஸ் விரல்நடையை மேபெல் பார்த்துப் பழகினார். பின்வந்த சில பதிவுகளில் மேபெலின் கை வேறுவிதமாக ஒலிப்பதற்கு அதுவே காரணம். தட்டுகளின் மேல் அவர் பெயர் அச்சாகவில்லை. 1960களில் இசைக்கலைஞர் மைக் சீகர் தேடிக் கண்டுபிடித்துப் பதிவு செய்யும்வரை அவரை வெளியுலகம் அறியவில்லை. பொருத்தமில்லாத ஒரு பெருமையை அவர் தலையில் ஏற்றுவதைவிட, உண்மையில் அவர் செய்ததைச் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பது என் கருத்து.

பதிவு 15 – ஆறுதந்தி

மிக்க நன்றி. கடைசியாக ஒரு ஐயம். மெட்டு வேகமாக, அரை எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரமாக ஓடும் இடங்களில் வருடலுக்கு இடமே இல்லையே, அங்கே என்ன செய்வது?

பதிவு 16 – தோதகத்தி

வருடலை விட்டுவிடுங்கள். ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’ தட்டைக் கவனித்துக் கேட்டால், மெட்டு ஓடும் இடங்களில் வருடல் மறைந்து, ஸ்வரம் நீளும் இடங்களில் திரும்பி வருவது தெரியும். மெட்டு பேசும்போது வருடல் ஒதுங்கவும், மெட்டு மூச்சு வாங்கும்போது வருடல் நுழையவும் வேண்டும். மணிக்கட்டின் ஆட்டம் மட்டும் நிற்கக் கூடாது. பெருவிரல் எண்ணிக்கையின் மேல் கீழ்வீச்சாக விழுந்தால், அரை எண்ணிக்கையில் வரும் ஸ்வரத்தை ஆள்காட்டி விரல் மேல்நோக்கி எடுக்கலாம். பிக் என்றால் கீழ், மேல், கீழ், மேல் என்று மாறட்டும். திஸ்ரத்தில் (மூன்று எண்ணிக்கைத் தாளத்தில்) அமைந்த பாட்டுகளில் ஒரு பெருவிரலுக்கு இரண்டு வருடல்கள் வரும் என்பதால் மூச்சு அதிகம். ஆகையால் அடுத்து அப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.